பால் கேனில் ஊர்த் தண்ணீர்

எங்கள் ஊர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். வெள்ளகோவிலுக்குத் தெற்கே நான்கு கல் தொலைவில் இருந்த எங்கள் தோட்டத்துக் கிணறும் சரி, கிணறு வற்றிய பின் அப்பா இறக்கிய ஆழ்குழாயும் சரி, ஒரே சுவையுள்ள நீரைத்தான் கொடுத்தன. அதில் பருப்பு வேக இரட்டிப்பு நேரம் பிடிக்கும், சோப்பு நுரைக்காது. வீட்டுக்கு வரும் விருந்தினர் ஒரு மிடறு பருகிவிட்டு, முகம் மாறாமல் இருக்கப் பெரும்பாடு பட்டு, டம்ளரை மெல்ல நகர்த்தி வைப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களுக்கு உடம்பு சுகமில்லை போலும் என்றே அக்காலத்தில் எண்ணிக்கொண்டேன். பிறந்தது முதல் அந்நீரையே குடித்து வளர்ந்த எனக்குத் தண்ணீரின் சுவை என்றால் அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், நான் ஐந்தாம் வகுப்புத் தேறிய கோடை விடுமுறையில், எங்கள் குடும்பம் பன்னிரண்டு நாள் பயணம் என்று திட்டமிட்டுப் புறப்பட்டது. அதற்கு முன்பு எருமைகளையும் பயிரையும் விட்டுவிட்டு நாங்கள் அனைவரும் சேர்ந்து வெளியூரில் தங்கியதே இல்லை. அப்பா வாடகைக்கு ஓர் அம்பாசிடர் கார் பேசினார். தோட்டத்து ஆளிடம் மாடுகளை ஒப்படைத்தார். "அம்மணி அஞ்சாவது பாஸ் பண்ணிப்போட்டாளல்லங்க? நாலு ஊரு சுத்திக் காட்டோணும்" என்று கேட்டவர்களிடமெல்லாம் காரணம் சொன்னார். நானும் அதை ஐயமின்றி நம்பினேன். என் தேர்ச்சி இத்தனை பெரிய செய்தியா என்று எனக்குள் சற்றுப் பெருமிதமும் இருந்தது. பழநி, ஆழியாறு, கோயமுத்தூர், மேட்டுப்பாளையம், இறுதியாக மலை ரயிலேறி ஊட்டி என்று என் வகுப்புத் தோழியரிடம் ஒரு பட்டியலை ஒப்பித்துவிட்டே புறப்பட்டேன்.

உண்மையில் அப்பயணம் என் அத்தைக்காக ஏற்பட்டது. அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவருக்கு அப்போது முப்பத்தொரு வயது. சாதகத்தில் செவ்வாய் தோஷம் என்று சொல்லி, வந்த வரன்கள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயிருந்தன. கோவில் கோவிலாகப் போய் அத்தோஷத்துக்குப் பரிகாரம் செய்வது, போகிற வழியில் தரகர் சொல்லியிருந்த ஒரு வரனையும் பார்த்து முடிப்பது என்பதே பெரியவர்களின் ஏற்பாடு. இவற்றில் எதுவும் எனக்குச் சொல்லப்படவில்லை. சிறுமியிடம் சொல்லக்கூடிய செய்தியாகவும் அது கருதப்படவில்லை.

அம்மா அப்பாவுக்குச் சமமாகத் தோட்டத்து வேலையைக் கவனித்தவர். ஆகவே வீடு முழுவதும் அத்தையின் பொறுப்பில் இருந்தது. எனக்குத் தலை பின்னியவர், சோறு பிசைந்து தந்தவர், காய்ச்சலில் பக்கத்தில் படுத்தவர் அத்தைதான். நான் வெளித் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்பதை அறிந்திருந்த ஒரே ஆளும் அவரே. புறப்படும் நாள் காலையில் அலுமினியப் பால் கேன் ஒன்றைப் புளி போட்டுத் துலக்கி, வீட்டுப் பானைத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி, அதில் கழுத்துவரை நிரப்பிக் காரின் அருகே கொண்டுவந்து வைத்தார். கார் ஓட்டி வந்தவர் அதைத் திறந்து பார்த்தார்.

"ஏனுங்கம்மணி, ஊரு ஒலகமே சிறுவாணித் தண்ணிக்கு ஏங்கிட்டுக் கெடக்குது. நீங்க உப்புத் தண்ணிய கோயமுத்தூருக்கு ஏத்திட்டு வாறீங்களாக்கும்?"

"புள்ளைக்கு ஒத்துக்காதுங்ணா. வண்டி இளுக்காதுன்னாச் சொல்லுங்க, நான் எறங்கிக்கறேன், கேன் மட்டும் வரட்டும்."

டிரைவர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்தினார். அந்தக் கேன் பயணம் முழுவதும் அத்தையின் இரு பாதங்களுக்கு நடுவே இருந்தது. மேடு பள்ளங்களில் கார் குலுங்கும்போதெல்லாம் அவர் குனிந்து அதன் மூடியை அழுத்திப் பிடித்துக்கொள்வார்.

முதல் நாள் சிவன்மலையில் தரிசனம் முடித்துப் பழநிக்குப் போனோம். படியேறும்போது எனக்கு உற்சாகம் குறையவில்லை. இரண்டாம் நாள் காலை, சத்திரத்து அறையில் கண் விழித்தபோதுதான் ஏதோ ஒன்று இல்லாதது போலத் தோன்றியது. எங்கள் தோட்டத்தை ஒட்டி ஒரு விசைத்தறிக் கொட்டகை இருந்தது. அதன் தடதடப்பு விடியும் முன்பே தொடங்கிவிடும். நான் அதைக் கேட்டபடியே எழுவேன். கேட்டபடியே பல் துலக்குவேன். பழநியில் அச்சத்தம் இல்லை. மணியோசையும் நாதசுரமும் கேட்டன. ஆனாலும் அவற்றுக்கு அடியில் ஒரு வெறுமை இருப்பதுபோல எனக்குப் பட்டது. தொண்டைக்குக் கீழே நெல்லிக்காய் அளவில் ஒன்று வந்து அடைத்துக்கொண்டது. ஊர் நினைப்பு என்பது அதுதான் என்று அப்போது எனக்குத் தெரியாது. வயிறு வலிக்கிறது என்று சொன்னேன். அம்மா ஓமம் மெல்லக் கொடுத்தார். அத்தை கேனைத் திறந்து அரை டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன். அடைப்பு இறங்கிப் போயிற்று.

அன்று முதல் அது ஒரு வழக்கமாகிவிட்டது. காலையில் ஒரு டம்ளர், மாலையில் ஒரு டம்ளர். அதற்கு மேல் கேட்டால் அத்தை கேனைத் தூக்கி ஆட்டி, உள்ளே நீர் தளும்பும் ஒலியை எனக்குக் கேட்கச் செய்வார். "இன்னும் இருக்குது பாரு கண்ணு" என்பார். அவ்வொலியே எனக்குப் போதுமானதாக இருந்தது.

ஆழியாற்று அணையைக் கண்டபோது அப்பா கரையை விட்டு நகரவில்லை. வானம் பார்த்த பூமியில் பிறந்தவர் அவர். அவ்வளவு நீரை ஓரிடத்தில் பார்த்தது அவரை என்னவோ செய்திருக்க வேண்டும். "இதுல பத்து நாளு தண்ணி நம்ம பக்கம் வந்தாப் போதும்" என்று மட்டும் சொன்னார். நானோ, இவ்வளவு தண்ணீரில் ஒரு வாய் கூடக் குடிக்கும்படி இல்லையே என்று எண்ணி நின்றேன். அருவிக்குப் போன இடத்தில் ஒரு குரங்கு அம்மாவின் கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தைப் பறித்துக்கொண்டு ஓடியது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது. "கொரங்கு முறுக்குத்தான கொண்டுபோச்சு, உன்னையவா கொண்டுபோச்சு?" என்று அம்மா அதட்டினார். டிரைவர், "அம்மணிக்கு ஊட்டு நெனப்புங்க. என்ற வண்டில போற மாடெல்லாங்கூட மூணாம் நாளு இப்பிடித்தான் கத்தும்" என்றார். அவர் காரோட்ட வருமுன் சந்தைக்கு மாடு ஏற்றும் லாரியில் இருந்தவர்.

ஐந்தாம் நாள் கோயமுத்தூருக்கு வந்து, அம்மாவின் அண்ணன் வீட்டில் தங்கினோம். என் தாய்மாமன் பஞ்சாலையில் மேஸ்திரி. தம் ஊரின் தண்ணீரைத் தாமே உண்டாக்கியவர்போலப் பேசக்கூடியவர். நாங்கள் கால் கழுவி உள்ளே வந்ததும் வராததுமாக எவர்சில்வர் டம்ளரில் நிறைத்துக் கொண்டுவந்து நீட்டினார்.

"குடிச்சுப் பாரு கண்ணு. சர்க்கரை போட்டாப்பல இருக்கும்."

குடித்தேன். அது எதைப் போலவும் இல்லை. வெறும் குளிர்ச்சிதான் வாயில் இருந்தது. எவ்வளவு குடித்தாலும் அடி தட்டாத கிணற்றில் வாளியை இறக்கியதுபோல, தாகம் அப்படியே நின்றது. நான் மீதியை வாசலில் இருந்த செடிக்கு ஊற்றியதை மாமன் பார்த்துவிட்டார். "ஏனுங் மாப்பள, உங்க புள்ளைக்கு நாக்கே இல்லீங்களா?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா தலைகுனிந்தார். ஆறாம் நாள் மாலை கேனைச் சாய்த்துப் பிடித்து அத்தை கடைசி டம்ளரை ஊற்றினார். பிறகு ஆட்டிக் காட்டவில்லை. கேனைக் கவிழ்த்து வைத்தார்.

அவ்வூர் மிருகக்காட்சிசாலையில் நான் புலியைப் பார்த்தேன். மருதமலையில் மயிலைப் பார்த்தேன். அவற்றைப் பற்றி இன்று எனக்கு அதிகம் நினைவில்லை. நினைவிலிருப்பது பேரூர்க் கோவிலில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. நாங்கள் வெளிப் பிரகாரத்தில் உட்கார்ந்திருந்தபோது, வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் தரகரோடு வந்து அப்பாவுக்கு வணக்கம் சொல்லி எதிரே அமர்ந்தார். நாற்பதை நெருங்கிய வயது; முன்நெற்றி சற்றே ஏறியிருந்தது. என்னை அருகில் அழைத்து ஒரு வர்க்கி ரொட்டிப் பொட்டலத்தைக் கொடுத்தார்.

"அம்மணி என்ன படிக்கறீங்க?"

"ஊருக்குப் போகோணும்" என்றேன்.

அவர் சிறிதும் சிரிக்காமல், "அது நெம்பப் பெரிய படிப்பாச்சுங்களே" என்றார். தூணருகில் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அத்தை சிரித்துவிட்டார். வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, தோள்கள் குலுங்கச் சிரித்தார். வெளி மனிதர் முன்னிலையில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஒரு கணம் அத்தையைப் பார்த்தார். பிறகு பேச்சு மழையைப் பற்றியும் பாக்கு விலையைப் பற்றியும் போயிற்று. கோவிலில் வைத்துப் பெண் பார்ப்பது எங்கள் பக்கத்து வழக்கம் என்பதும், அன்று பார்க்கப்பட்டவர் என் அத்தை என்பதும் எனக்குத் தோன்றவே இல்லை. வர்க்கி நன்றாக இருந்தது.

மறுநாள் மேட்டுப்பாளையம் போய்ப் பேருந்து நிலையத்தருகே ஒரு விடுதியில் அறை எடுத்தோம். பிற்பகலில், தெரிந்தவர் வீடு என்று சொல்லி அப்பா எங்களை ஓர் ஓட்டு வீட்டுக்கு அழைத்துப் போனார். அது அந்த வெள்ளைச் சட்டைக்காரரின் வீடு. முறைப்படி, பேச்சு முடியும் முன்பு பெண் அந்த வீட்டில் கால் வைக்கக் கூடாது. எனினும் அறியாத ஊரில் அத்தையைத் தனியே விடுதியில் விட்டுவர அப்பாவுக்கு மனமில்லை. ஆகையால் அவரைக் கூடத்தில் உட்கார வைக்காமல், என்னோடு பின்வாசல் வழியாகச் சமையலறைக்கு அனுப்பினார்கள். அப்படி அனுப்பினால் வந்ததாகக் கணக்கில்லை என்று பெரியவர்கள் தங்களுக்குள் ஒரு சமாதானம் செய்துகொண்டார்கள்.

அச்சமையலறையில் ஒரே ஒரு சன்னல் இருந்தது. அதன் வழியே பாக்குக் காயும் களம் தெரிந்தது. வேகவைத்த பாக்கின் துவர் மணம் உள்ளே வரை வந்தது. அவருடைய தாயார், இடுப்பு வளைந்த முதியவர், அத்தைக்கு ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். அத்தை அண்ணாந்து, இடையில் மூச்சு வாங்காமல், முழுவதையும் குடித்தார். எனக்கும் கொடுத்தார்கள், நான் உதட்டை நனைத்துவிட்டு வைத்துவிட்டேன். அத்தை சன்னலருகே போய்க் களத்தைப் பார்த்தார். வெயில் விழும் இடத்திலிருந்த தயிர்ச் சட்டியை, யாரும் சொல்லாமலே, நகர்த்தி நிழலில் வைத்தார். பிறகு செம்பைக் கையில் எடுத்தார்.

"இன்னொரு செம்பு கெடைக்குமுங்களா?"

முதியவரின் முகம் மலர்ந்தது. "அதுக்கென்ன சாமி! பவானித் தண்ணி, குடி, குடி" என்று தாமே மொண்டு கொடுத்தார். அத்தை இம்முறை மெதுவாகக் குடித்தார். எனக்கு அருவருப்பாகவே இருந்தது. நம் வீட்டுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஒருவர் இதை எப்படி இரண்டாம் முறையும் கேட்கலாம்? அவர் சேலையைப் பிடித்து இழுத்து, "நம்மூருக்கு எப்பப் போறோம்?" என்று கேட்டேன். அதற்கு முந்திய நாள்களில் எல்லாம் அக்கேள்விக்கு, "நாளைக்குக் கண்ணு, நாளைக்கு" என்று ஒரு பொய் தயாராக இருந்தது. அன்று அவர் என் தலையைத் தடவியதோடு சரி.

அன்று மாலை விடுதியில் அப்பாவும் அம்மாவும் பேசியதை நான் கேட்டேன். பொருத்தம் எட்டு இருக்கிறது, ஆள் நல்லவர், குறை என்று சொன்னால் முதல் மனைவியை இழந்தவர் என்பது ஒன்றுதான். அந்த ஒன்றில் அப்பாவின் மனம் நின்றுகொண்டது.

"சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடலாம்" என்றார் அப்பா. "வெள்ளைப் பூ வந்தா, நாளைக்கே வெத்தலை பாக்கு மாத்திக்கலாம். ரெண்டு நாள் இருந்து பேசி முடிச்சுட்டு, புள்ளைக்கு ஊட்டியும் காட்டிப்போட்டுப் போலாம்."

"செவப்பு வந்தாங்?"

"வந்தா, அப்பறம் இங்க என்ன வேலை? மூஞ்சியத் தூக்கிட்டு இருக்க முடியுமா? அப்பவே கெளம்பி ஊடு போய்ச் சேந்துக்கறது."

வெள்ளைக்கும் சிவப்புக்கும் பின்னால் ஒரு மனிதரின் வாழ்க்கை இருந்தது. என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: சிவப்புப் பூ வந்தால் வீடு.

எங்கள் பகுதியில் ஒரு காரியத்துக்குத் தெய்வத்தின் உத்தரவு வேண்டுமானால் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை மற்றொன்றிலும் கட்டிச் சாமி முன் போட்டு, ஒரு குழந்தையை அழைத்து எடுக்கச் சொல்வார்கள். குழந்தை மனத்தில் கள்ளம் இராது; ஆகையால் அதன் கையில் தெய்வமே வந்து நிற்கும் என்பது நம்பிக்கை.

மறுநாள் காலை பவானிக் கரையில் ஒரு சிறிய அம்மன் கோவிலுக்குப் போனோம். பூசாரி அபிடேகத்துக்கு மஞ்சள் கரைத்துக்கொண்டிருந்தார். பொட்டலத்தை நீங்களே கட்டிக் கொடுங்கள் என்று அம்மாவிடம் இரண்டு வாழையிலைத் துண்டுகளைத் தந்தார். வெள்ளரளியை ஒன்றிலும் செவ்வரளியை ஒன்றிலும் வைத்து அம்மா வாழைநாரால் கட்டினார். நான் அருகில் உட்கார்ந்து நாரைக் கிழித்துக் கொடுத்தேன். முதல் பொட்டலத்துக்கு நான் கொடுத்த நார் குட்டையானது. இரண்டாவதற்குக் கொடுத்தது நீளம். முடிச்சுக்கு வெளியே அரை விரல் வால் போல நீட்டிக்கொண்டிருந்தது. அந்த இரண்டாவது, சிவப்பு. கட்டுவதைப் பார்த்த குழந்தையே எடுக்கப் போகிறது என்று யாருக்கும் உறைக்கவில்லை. பூசாரி வாசலில் விளையாடிக்கொண்டிருந்த வேறொரு குழந்தையைக் கூப்பிடத்தான் திரும்பினார். அப்பா தடுத்தார். "எங்க புள்ளையே இருக்குதுங்களே. அவ அத்தைமேல உசிரா இருக்கறவ. அவளே எடுக்கட்டுமுங்க."

பூசாரி கண்ணை மூடிக்கொண்டு பொட்டலங்களைத் தட்டில் உருட்டிப் பீடத்தில் வைத்தார். அப்பாவும் அம்மாவும் கைகூப்பிக் கண் மூடி நின்றார்கள். அத்தை எனக்கு நேர் எதிரே, தூணுக்குப் பக்கத்தில் நின்றார்.

"சாமிய நெனச்சுட்டு ஒண்ணை எடு கண்ணு" என்றார் பூசாரி.

நான் சாமியை நினைத்துத்தான் எடுத்தேன். தாயே, என்னை வீட்டுக்குக் கொண்டுபோய் விடு என்று மனம் உருகி வேண்டினேன். அவ்வளவு உண்மையாக நான் அதன் பிறகு எதையும் வேண்டியதில்லை. பிறகு கண்ணைத் திறந்து, நார் நீண்டிருந்த பொட்டலத்தை எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். செவ்வரளி இலையின் நடுவே இருந்தது. முறைக்காக மற்றதையும் பிரித்துக் காட்டினார். அம்மாவின் வாயிலிருந்து சின்னதாக ஓர் ஒலி வந்தது. அப்பா பெருமூச்சு விட்டு, "அவ உத்தரவு அப்பிடி" என்றார். அத்தை குங்குமம் எடுத்து எனக்கு வைத்துவிட்டார். அவர் விரல் என் நெற்றியில் வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் நின்றதாக இப்போது தோன்றுகிறது. அப்போது நான் கவனித்தது, நாங்கள் காரை நோக்கி நடக்கிறோம் என்பதை மட்டுமே.

அப்பா பேருந்து நிலையத்துத் தொலைபேசிக் கடையில் இருந்து அந்த வீட்டுக்குப் பேசினார். கண்ணாடிக் கதவு சரியாகச் சாத்தவில்லை. "உத்தரவு கெடைக்கலீங்... ஆமாங்... செவப்புதானுங்க வந்துது... தப்பா நெனச்சுக்காதீங்க." மறுமுனையில் என்ன சொன்னார்களோ, அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்ததும், "தங்கமான மனுசன். சாமி வாக்குக்கு மேல என்னங்க இருக்குதுன்னு சொல்லிப்போட்டார்" என்றார்.

டிரைவர் என்மேல் இரக்கப்பட்டு, ஊட்டிதான் இல்லை, ரயிலையாவது பார் என்று நிலையத்துக்குக் கூட்டிப்போனார். மலை ரயில் புகை விட்டுக்கொண்டு புறப்பட்டுப் போவதைக் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எனக்கு எந்த வருத்தமும் இல்லை. திரும்பும் வழியில் அத்தையின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டேன். காலியான பால் கேன் அவர் பாதங்களுக்கு நடுவே கடகடத்துக்கொண்டு வந்தது. அதை அவர் பிடித்துக்கொள்ளவில்லை.

பொழுது சாய்வதற்குள் வீடு வந்து சேர்ந்தோம். தறிச் சத்தம் தொலைவிலேயே கேட்டது. நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடினேன். பானையில் இருப்பது பழைய தண்ணீர் என்று அத்தை புதிதாகப் பிடித்து ஊற்றிக் கொடுத்தார். மூன்று டம்ளர் குடித்தேன். நான் குடித்து முடிக்கும் வரை அவர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறு வருடம் அந்த மேட்டுப்பாளையத்துக்காரருக்கு அன்னூர்ப் பக்கத்தில் பெண் அமைந்ததாகத் தரகர் வந்து சொன்னார். அத்தை எருமைக்குப் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தார். "நல்லா இருக்கட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டுக்கல்லைத் தொடர்ந்து சுற்றினார். அதன் பிறகு வந்த வரன்கள் எவையும் கூடவில்லை. சில ஆண்டுகளில் வரன்கள் வருவதும் நின்றது. அவர் எங்களுடனேயே இருந்தார். என்னைப் பத்தாவது வரை பள்ளிக்கு அனுப்பினார். என் சீர்வரிசைப் பாத்திரங்களைத் துலக்கி அடுக்கினார். நான் எப்போது திரும்பி வந்தாலும் வீடு விட்டுப்போன நிலையிலேயே இருந்தது. அதில் எனக்கு மகிழ்ச்சியே இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும்.

எனக்கு இருபத்து மூன்றாம் வயதில் திருமணமாகிக் கோயமுத்தூரை ஒட்டிய சரவணம்பட்டிக்கு வந்தேன். மூன்றாம் மாதம் அத்தை என்னைப் பார்க்க வந்தார். இரண்டு பேருந்து மாறி வந்த அவர் கையில் அதே பால் கேன் இருந்தது. "புதுசா வந்த ஊட்டுல தண்ணி ஒத்துக்குதோ என்னமோன்னு" என்று கூச்சத்தோடு சொல்லி, ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன். உப்புக் கரித்தது. என் வாழ்க்கையில் முதன்முறையாக எங்கள் ஊர்த் தண்ணீர் எனக்குக் கரித்தது. முகம் மாறாமல் இருக்க முயன்றேன். எங்கள் வீட்டு விருந்தினரைப்போல நானும் தோற்றிருக்க வேண்டும். அத்தை டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"உடு கண்ணு. உனக்கு இந்த ஊடு ஆயிப்போச்சு. நல்லதுதான்."

அப்போதுதான் நான் பதின்மூன்று ஆண்டுகளாகச் சொல்லாததைச் சொன்னேன். "அத்தை, அன்னைக்கு அந்தப் பூவு..."

"நாரு நீளமா இருந்துதல்ல?" என்றார் அவர். "உங்கம்மா கட்டயில நானுந்தான் பாத்துட்டு இருந்தேன்."

"தெரிஞ்சும் ஏன் அப்பாகிட்டச் சொல்லுல?"

அத்தை கேனின் மூடியை இறுக்கி மூடினார். "என்னன்னு சொல்றது கண்ணு? எனக்கு அந்த ஊடு புடிச்சிருக்குதுன்னா?" என்றார். பிறகு மாலைப் பேருந்துக்கு நேரமாகிறது என்று எழுந்துகொண்டார்.

அவர் போன பின் நெடுநேரம் யோசித்தேன். அப்பா சாதகத்தைக் கேட்டார், தரகரைக் கேட்டார், அம்மனைக் கேட்டார், பத்து வயதுச் சிறுமியின் கையைக் கேட்டார். அத்தையை ஒருவரும் கேட்கவில்லை. ஆனாலும் அவர் தம் விடையைச் சொல்லாமல் இருந்துவிடவில்லை. பூக்கட்டிப் பார்த்ததற்கு முதல் நாளே, வேகும் பாக்கின் மணம் வந்த அந்தச் சமையலறையில், காலிச் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, தமக்கு எது வேண்டும் என்பதை அவர் வாய்விட்டுக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் அதைக் காதால் கேட்டவள் நான் ஒருத்திதான். அவருக்குத் தாகம் போலும் என்று நினைத்துக்கொண்டு, ஊருக்குப் போகலாம் என்று சேலையைப் பிடித்து இழுத்தேன்.